ஜேக் சாமி அறையில் இருந்த நாள்

போன வாரம் பட்டறை வாட்ஸ்அப் குழுவில் மூன்று படங்கள் போட்டிருந்தீர்கள். மூன்றும் கிரீப்பர். வண்டிக்குக் கீழே படுத்து வேலை செய்கிறவன் முதுகுக்கு அடியில் போட்டுக்கொண்டு, கால்களால் உந்தி உருண்டு உள்ளே போகிற சக்கரப் பலகை. "அண்ணே, வீட்ல சைட் வேல செய்ய எது நல்லா இருக்கும்? ஒன்னு சொல்லுங்கலா" என்று கேள்வி. ஒன்று சிவப்பு நிறம், தலைக்கு மெத்தை. இன்னொன்று மடித்தால் முக்காலியாகிறது. மூன்றாவதில் இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறது. விளக்கு எரிகிறதாம்! சைலன்சர் மாட்டப் போகிறீர்களா, மாப்பிள்ளை ஊர்வலம் போகப் போகிறீர்களா?

நான் பதில் போடவில்லை என்று உங்களில் ஒருவருக்கு வருத்தமாம். வருத்தப்பட வேண்டாம். கட்டைவிரலால் இரண்டு தட்டுத் தட்டி முடிக்கிற விஷயமாக இருந்திருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். ஜெலுத்தோங் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் எண்ணெயில் குளித்தவன் நான். பிரேக் இல்லாத லாரியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், பெட்ரோல் டேங்கில் தீப்பிடித்து ஓடியிருக்கிறேன். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே பத்துப் பேருக்கு நடுவில் சொல்வேன், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். கிரீப்பர் என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். ஏன் என்று இதுவரை சொன்னதில்லை. இப்போது உங்களில் நாலைந்து பேர் வீட்டிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பட்டறைத் தரை வேறு, வீட்டுத் தரை வேறு. பட்டறையில் சமமான சிமெண்டு. வீட்டில் என்ன இருக்கிறது? நம் ஊரில் வரிசை வீடு வாங்குகிற எல்லாரும் முதல் காரியமாகக் கார் நிறுத்துகிற போர்ச்சுக்கு வழவழவென்று டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். மழைத் தண்ணீர் தேங்கக் கூடாது என்று கேட் பக்கமாகச் சரிவு வேறு. அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், அது சொல்லும். ஆகவே கிரீப்பர் வாங்குகிறவன் கடையில் கிரீப்பரைப் பார்ப்பதற்கு முன் வீட்டில் தரையைப் பார்க்க வேண்டும். சரிவான டைல்ஸ் தரையா, கிரீப்பரே வேண்டாம். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது. சமமான சிமெண்டு என்றால் வாங்குங்கள், ஆனால் தரையோடு தரையாக எது தாழ்வாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். மெத்தையைப் பார்க்காதீர்கள். மெத்தையின் உயரம் உங்கள் நெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கிற இடத்திலிருந்துதான் கழியும்.

இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நசீரின் நெஞ்சின் மேல் ஒரு கார் இறங்கியபோது தெரிந்துகொண்டேன்.

நசீரை உங்களில் பலருக்குத் தெரியும். இன்றைக்கும் பட்டறையில் கியர்பாக்ஸ் பக்கம் நின்றுகொண்டு, யாருடைய டீயையோ எடுத்துக் குடித்துக்கொண்டிருப்பானே, அவன்தான். என்னைவிட ஆறு வயது சின்னவன். அவனுடைய அப்பா பட்டணத்தில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்தார், இவன் கறிக்கரண்டியை விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்தான். பட்டறையில் எனக்கு வலதுகை மாதிரி இருந்தவன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கெலுகோரில் இருக்கும் என் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருவான். என் மனைவி செய்கிற சாம்பாருக்கும் பாயசத்துக்கும்தான் வருகிறேன், உங்களைப் பார்க்க இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவான்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஏழு வருடம் முன்பு நடந்தது. அந்த வருடம் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். முந்தின நாளே வீட்டில் இருக்கிற கருவிகள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சாமி அறையில் மஞ்சள் துணி விரித்து அதன்மேல் அடுக்கிவிடுவேன். ஸ்பேனர்கள், சுத்தியல், சக்கரம் வைத்த பெரிய ஜேக், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கிற இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள், எல்லாம். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, காலையில் பூஜை முடிந்துவிட்டால் மறுநாள் காலைவரை ஒன்றையும் தொடக் கூடாது. வருடம் முழுக்க நமக்காக உழைக்கிற இரும்புக்கு ஒருநாள் ஓய்வு. நான் கோயிலுக்கு அதிகம் போகிறவன் இல்லை. ஆனால் இந்த ஒருநாள் விஷயத்தில் ரொம்பக் கறார். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைதான் என் புதுக் கிரீப்பர் பார்சலில் வந்திருந்தது. நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் இருக்கிறதே, ஏறக்குறைய அதேதான். சிவப்பு, தலைக்கு மெத்தை, பெரிய பெரிய சக்கரம். விரலால் தள்ளினால் போதும், போர்ச்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். சாமி அறையில் இடம் போதவில்லை என்று அதற்குப் போர்ச்சிலேயே ஒரு குங்குமப் பொட்டு வைத்துச் சுவரோரம் நிறுத்தியிருந்தேன். நசீர் வந்ததும் வராததுமாக அதைத்தான் காட்டினேன். அவன் அதில் படுத்து, கேட்டுக்கும் வாசலுக்குமாக இரண்டு தடவை உருண்டுவிட்டு, "அண்ணே, இதுல படுத்தா வேல செய்ய மனசு வராது, தூக்கந்தான் வரும்" என்றான்.

மணி பதினொன்று இருக்கும். இரண்டு வீடு தள்ளி இருக்கும் டீச்சர் காரை எங்கள் போர்ச்சுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். கார் வரும்போதே கீழே ஏதோ இரும்பு தரையில் உரசுகிற சத்தம். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பில் அவருடைய அம்மா தனியாகப் பூஜைக்கு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம்.

"அண்ணே, மன்னிச்சிக்குங்க, இன்னிக்கு நீங்க தொடமாட்டீங்கன்னு தெரியும். சும்மா என்னான்னு மட்டும் பாத்துச் சொல்றீங்களா? பாலத்துல போறப்ப கழண்டு விழுந்துருச்சின்னா என்னா செய்றது?"

குனிந்து பார்த்தேன். சைலன்சர் குழாயைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர் வளையம் கொக்கியிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கருவியே வேண்டாம். குழாயைத் தூக்கிப் பிடித்து ரப்பரைக் கையால் இழுத்துக் கொக்கியில் மாட்டினால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை. தம்பிகளே, இந்த ஐந்து நிமிட வேலைகளைப் பற்றி உங்களுக்கு நான் வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை, மேலே படியுங்கள்.

"இன்னிக்கு உங்களுக்குத்தானே பூஜ. எனக்கென்னா? நான் போறேன், நவுருங்க" என்றான் நசீர்.

அப்போது அவன் வெறும் தரையில் படுத்துக் கையை நீட்டியிருந்தாலே கொக்கி எட்டியிருக்கும். காரைத் தூக்கவே தேவை இருந்திருக்காது. நான்தான் கேட்கவில்லை. "டேய், புதுசு ஒன்னு வாங்கி வச்சிருக்கேன், தரையில போயி படுக்கிறியா" என்று கிரீப்பரை எடுத்துப் போட்டேன். அது உயரம். ஆளோடு சேர்ந்து காருக்கு அடியில் நுழையவில்லை. நுழையவில்லை என்றால் காரைத் தூக்க வேண்டும். தூக்க வேண்டும் என்றால் ஜேக் வேண்டும். ஜேக் சாமி அறையில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

டீச்சரின் காருக்குள் ஒரு ஜேக் இருந்தது. டயர் மாற்றுவதற்காகக் காரின் பின்பெட்டியில் போட்டு வைத்திருப்பார்களே, சுழற்றினால் கத்தரிக்கோல் மாதிரி விரிகிற சின்ன ஜேக். அதற்கு இன்றைக்குப் பூஜை இல்லை, அது டீச்சருடையது. இப்படித்தான் என் புத்தி வேலை செய்தது. முப்பது வருட அனுபவம் உள்ளவன், நான் தொட்டால்தானே தோஷம் என்று வேறு ஒருவருடைய பொம்மை ஜேக்கை எடுத்துக் காரின் பின்பக்கத்தைத் தூக்கினேன். கிரீப்பர் உயரமாக இருந்ததால் ஜேக்கை அதன் கடைசி உயரம்வரை விரித்தேன். காலையில்தான் என் மனைவி பூஜைக்காகப் போர்ச்சைக் கழுவி விட்டிருந்தாள், டைல்ஸ் முழுக்கக் காயவில்லை. ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று டீச்சரைக் கேட்கவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைக்கவில்லை. ஸ்டாண்டைப் பற்றி நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். ஐந்து நிமிடம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று செய்தேன். வண்டிக்குப் பக்கத்தில் செருப்போடு நிற்கக் கூடாது என்பது பட்டறையில் நான் எல்லாரையும் திட்டித் திட்டிப் பழக்கிய விதி. அதனால் வேலைச் சப்பாத்தை எடுத்து மாட்டி, கயிறு இரண்டையும் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். சின்ன விதியைப் பிடித்துக்கொண்டு பெரிய விதியை எல்லாம் காற்றில் விட்டவன் நான்தான்.

நசீர் பின்பக்கமாக, தலை முன்னே போக, மல்லாந்து உருண்டு உள்ளே போனான். சரிவில் கிரீப்பர் அவனை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. "நிக்க மாட்டேங்குதுலா இது" என்று சிரித்தான். நிற்பதற்காக ஒரு கையால் காரின் அடியில் ஏதோ ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டான். அதாவது அவனுடைய மொத்த எடையும் அந்தக் காரைச் சரிவுப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மறுகையால் ரப்பரைப் பிடித்து ஒரு இழு இழுத்தான்.

கார் பின்னால் நகர்ந்தது. ஒரு விரல் அகலம் இருக்கும், அதற்குமேல் இல்லை. டீச்சர் கியரை மட்டும் பார்க்கிங்கில் போட்டிருந்தார், ஹேண்ட்பிரேக் போடவில்லை. அந்த நிலையில் கார் கொஞ்சம் ஆடிவிட்டுத்தான் நிற்கும். அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது. ஈர டைல்ஸில் ஜேக்கின் அடித்தட்டு கீச்சென்று வழுக்கியது. ஜேக் சாய்ந்தது. கார் இறங்கியது.

முழுதாக விழவில்லை. ஜேக் பாதி சாய்ந்த நிலையில் எதையோ பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. எதைப் பிடித்துக்கொண்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நசீரின் நெஞ்சின் மேல் காரின் அடிப்பகுதி தொட்டுக்கொண்டிருந்தது. முதுகுக்குக் கீழே அந்த மெத்தை. அட்டையில் படுத்திருந்தால் அந்த நாலு விரல் உயரம் அவனுடைய மூச்சுக்குக் கிடைத்திருக்கும்.

"நசீரு!"

 மிகவும் சின்னக் குரலில் பதில் வந்தது. "அண்ணே. மூச்சு முழுசா வரல."

நான் செய்த முதல் காரியம் காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தது. தூக்கிவிடப் போகிறவன் மாதிரி. கை வைத்ததுமே ஜேக் இன்னொரு தடவை கீச்சிட்டது. "தொடாதீங்க" என்றான் நசீர். கையை எடுத்தேன். அதற்குள் டீச்சர், "ஹேண்ட்பிரேக் போடலண்ணே, நான் போடவேயில்ல" என்று அழுதுகொண்டே கார்க் கதவைத் திறக்கப் போனார். அவர் உள்ளே ஏறி உட்கார்ந்தால் கார் ஆடும். ஆடினால் அவ்வளவுதான். "திறக்காதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன.

பயம் என்றால் என்ன என்று நான் அதுவரை தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். தீப்பிடித்தபோது ஓடினேனே, அது பயம் இல்லை, அதற்கு ஓட இடம் இருந்தது. இங்கே இழுத்தால் ஜேக் விழும், தூக்கினால் ஜேக் விழும், ஒன்றும் செய்யாமல் நின்றாலும் தானாக எப்போது விழும் என்று தெரியாது.  அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு அந்த மாதம்தான் நிச்சயம் செய்திருந்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் அவளுடைய முகம்தான் வந்தது.

"டீச்சர், அவன் பக்கத்துல உக்காருங்க. காடியத் தொடாதீங்க. அவன்ட்ட பேசிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். பெரிய ஜேக் வேண்டும். ஸ்டாண்ட் வேண்டும். காரின் முன்பக்கத்திலிருந்து வாசல் நாலு எட்டு. சாமி அறை வாசலிலிருந்து இன்னொரு நாலு எட்டு.

இப்போது சொல்லப் போவதைத்தான் நான் யாருக்கும் சொன்னதில்லை.

வாசற்படியில் நான் நின்றேன். குனிந்தேன். சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

ஐம்பது வருடமாகச் சப்பாத்தோடு வீட்டுக்குள் போனவன் இல்லை நான். அதுவும் சாமி அறைக்கு, அதுவும் பூஜை நாளில். கால் தானாக நின்றுவிட்டது, கை தானாகக் குனிந்துவிட்டது என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. குனிந்திருந்தபோது, மறுநாள்வரை அந்த ஜேக்கைத் தொடக் கூடாதே என்ற நினைப்பும் ஒரு ஓரத்தில் ஓடியது. வெளியே ஒருவன் மூச்சுக்குத் திணறுகிறான், இங்கே நான் தோஷம் பார்க்கிறேன். இரட்டை முடிச்சு அவிழவில்லை. நகத்தால் பிடுங்கினேன். ஒரு சப்பாத்து கழன்றது. அடுத்ததற்குப் போனேன். பின்னால் டீச்சரின் குரல் கேட்டது, வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல். "நசீர், மெதுவா விடுங்க. சின்னச் சின்ன மூச்சா விடுங்க. நான் எண்ணுறேன்."

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கரண்டி. என்னைப் பார்த்தாள், என் தோளுக்கு மேலே வெளியே பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க செய்றீங்க? சப்பாத்தயா கழட்டுறீங்க?"

கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சாமி அறைக்குள் ஓடினாள். விடியற்காலையில் எழுந்து, தலைக்குக் குளித்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பொட்டு வைத்தவள் அவள்தான். மஞ்சள் துணியை ஒரு இழு இழுத்தாள். ஸ்பேனர்கள் சிதறின, பூ சிதறியது, குத்துவிளக்கு ஒன்று உருண்டது. இரண்டு ஸ்டாண்டையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு என்னை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே போனாள். நான் ஒரு காலில் சப்பாத்தோடு உள்ளே போய் ஜேக்கைத் தூக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒரே ஒரு இடத்தை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஜேக்கைக் காருக்கு அடியில் தள்ளி, வேகமாக நாலு பம்ப் அடித்துவிட வேண்டும் என்று கை துடித்தது. அடிக்கப் போகிறேன், அப்போது ஜேக்கின் தலையில் இருக்கும் கிண்ணத்தைப் பார்த்தேன். காலையில் பூசிய சந்தனம் அதில் இன்னும் ஈரமாக, வழவழப்பாக இருந்தது. அதன்மேல் காரின் விளிம்பு உட்கார்ந்திருந்தால் சோப்பின் மேல் உட்கார்ந்த மாதிரி வழுக்கியிருக்கும். சட்டையைக் கழற்றிக் கிண்ணத்தைத் துடைத்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. வாசலில் கிடந்த கால்மிதியை எடுத்து ஜேக்குக்கு அடியில் ரப்பர் பக்கம் கீழே இருக்கும்படி போட்டேன். தோட்டத்து ஓரத்தில் இருந்த செங்கற்களை என் மனைவி சத்தமில்லாமல் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தாள். பிறகு பம்ப் பிடியை ஒரு அங்குலம், இன்னொரு அங்குலம் என்று இறக்கினேன். ஒவ்வொரு அங்குலத்துக்கும் காருக்கு அடியிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காத்திருந்தேன். அவசரமான நேரத்தில் மெதுவாக இருப்பதற்கு என் உடம்பில் இருந்த பலம் முழுக்கத் தேவைப்பட்டது.

கார் எழுந்தது. கத்தரி ஜேக் தானாகவே சாய்ந்து டைல்ஸில் விழுந்து ஒரு சத்தம் போட்டது. டீச்சர் கத்திவிட்டார். நான் ஸ்டாண்டைத் தள்ளி வைத்தேன், கார் அதில் உட்கார்ந்தது. எடை நீங்கியதும் அந்தக் கிரீப்பர், யாரும் தொடாமலே, நசீரைச் சுமந்துகொண்டு சரிவில் உருண்டு வெளியே வந்தது. கேட்டில் இடித்து நின்றது. அவன் கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஓதிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டான்.

கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். எலும்பு முறியவில்லை, நெஞ்சில் கன்றிப்போன கோடு ஒன்று. இரண்டு வாரத்துக்கு இருமினால் கண்ணில் தண்ணீர் வந்தது என்று அவனுடைய மனைவி பிறகு சொன்னார். டீச்சரின் சைலன்சரை யாரும் மாட்டவில்லை, அவர் வாடகைக் காரில் அம்மா வீட்டுக்குப் போனார். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது சாமி அறை போட்டது போட்டபடி கிடந்தது. என் மனைவி பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இப்பிடி ஆயிருச்சே, சாமி குத்தம் ஆயிருமா?" என்று கேட்டேன். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை அவள்.

"சாமிய நான் பாத்துக்குறேன். நீங்க நசீரு பொண்டாட்டிக்கு என்னா பதில் சொல்றதுன்னு பாருங்க."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை உண்டு. ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் பொட்டு உண்டு. ஜேக்கும் ஸ்டாண்டும் மட்டும் போர்ச்சை விட்டு நகர்வதில்லை, அவை இருக்கிற இடத்துக்கே அவள் வந்து கற்பூரம் காட்டிவிட்டுப் போகிறாள். அந்தச் சிவப்புக் கிரீப்பரின் மேல் கருவேப்பிலைத் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. வெயிலுக்கு ஏற்ற மாதிரி அவள் அதை அங்கும் இங்கும் தள்ளி வைக்கிறாள். அதற்கு அது நல்ல கிரீப்பர்தான்.

நசீர் மூன்றாவது வாரம் வேலைக்கு வந்தான். எப்போதும் போல என் டீயை எடுத்துக் குடித்தான். மன்னிப்புக் கேட்க நான் நாலைந்து நாளாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். ஹேண்ட்பிரேக், கட்டை, ஸ்டாண்ட் என்று என் தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"அதெல்லாம் என் தப்புந்தாண்ணே. நானும் பாக்கலயில்ல. ஆனா கீழேருந்து பாத்தா ஆளு தெரியாது, காலு மட்டுந்தான் தெரியும். உங்க காலு வாசல்ல நின்னுச்சி. கயித்த அவுத்தீங்க. டீச்சரு எண்ணிக்கிட்டு இருந்தாங்க. பதினேழு வரைக்கும் எண்ணினாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய மகள் கல்யாணத்தில் என்னைத்தான் வாசலில் நிற்க வைத்து எல்லாரையும் வரவேற்கச் சொன்னான். பெருநாளைக்கு முதல் தட்டு என் வீட்டுக்குத்தான் வரும். அந்த ஏழு வருடமும் ஒரே பட்டறையில், ஒரே வரிசையில், தோளோடு தோள் உரச வேலை செய்தோம்.

நான் ஓய்வு பெற்ற அன்று கடைசி வேலையாக ஒரு வேன் வந்தது. சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் பார்த்து, நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, ஜேக் போட்டுத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, கையால் அசைத்தும் பார்த்தேன். "ரெடி நசீரு" என்றேன். வந்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான். ஸ்டாண்டை எடுத்தான். ஜேக்கைத் திறந்து வேனை மெல்ல இறக்கி, சக்கரங்கள் தரையைத் தொடும்வரை நின்றான். பிறகு, ஏழு வருடமாகச் செய்துவந்தது போலவே, தன் கையால் முதலிலிருந்து மறுபடி தூக்கி, தன் கையால் ஸ்டாண்ட் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் கீழே போனான்.